ஆமை நோக்கிய திசை

கழுகுப் பாறையின் அடிவயிற்றில் மூன்று துளைகள் உண்டு. மூன்றும் ஒரே அகலத்தன. ஆழம் மட்டுமே வேறுபடும். கட்டைவிரலை உள்ளே விட்டால் சுற்றிலும் வழவழப்பாக இருக்கும். எங்கள் ஊரில் பிறந்தவர் யாவரும் சிறுவயதில் அவற்றுள் விரலை விட்டுப் பார்த்தவர்களே. அவற்றால் உறக்கத்தைத் தொலைத்தவன் ரிஃபாத் ஒருவனே.

ரிஃபாத் முன்பு எங்கள் ஊருக்கும் சந்தை நகருக்கும் இடையே சிற்றுந்து ஓட்டிக்கொண்டிருந்தான். ஊர்ப் பிள்ளைகள் இஸ்தான்புல்லுக்கும் ஜெர்மனிக்கும் போய்ச் சேர்ந்த பின்னர், ஏறுவதற்கு ஆளின்றி வண்டி நின்றது. வண்டியை விற்றவன் கைப்பேசியும் கையுமாக உட்கார்ந்தான். அதில் ஒருவர், முகத்தைக் காட்டாமல் குரலை மட்டும் கேட்கச் செய்து, பாறைக் குறிகளுக்குப் பொருள் கூறுவார். அவரை யாவரும் உஸ்தா, அதாவது ஆசான், என்பர். சிலுவை வெட்டியிருந்தால் இன்னது, பாம்பு வெட்டியிருந்தால் இன்னது, துளை இருந்தால் இன்னது என்று அவர் சொல்லச் சொல்ல, ரிஃபாத் தலையாட்டிக்கொண்டே கேட்பான். முன்பு இங்கு வாழ்ந்த ஆர்மீனியர் பொன்னைப் புதைத்துக் குறி வெட்டிவிட்டுப் போயினர் என்பது எங்கள் பக்கத்தில் யாரும் ஐயுறாத செய்தி. அவர்கள் ஏன் போயினர் என்பதோ யாரும் பேசாத செய்தி.

அவன் கழுகுப் பாறையின் அடியில் கிணறு போல ஒரு குழி தோண்டினான். ஆள் மறையும் ஆழத்துக்கு வந்ததும், அங்கிருந்து பாறையின் வயிற்றுக்குக் கீழே சுரங்கம் குடையத் தொடங்கினான். மேலே நின்று கப்பியில் கயிறிழுத்து மண்வாளியைத் தூக்கியவன், அவன் மனைவி நஸீஃபேயின் தம்பி ஜெமால்.

ஒரு நாள் ஊர் முதியவர் துர்சுன் ரிஃபாத்தின் வீட்டு முற்றத்துக்கு வந்தார். இளமையில் சாலை போடும் கூட்டத்தில் வேலை செய்தவர். நஸீஃபே வைத்த தேநீரை ஆறவிட்டுவிட்டுப் பேசினார்.

"டேய் ரிஃபாத், அந்த ஓட்டையப் போட்டது நாங்கடா. ரோட்டுக்கு வெடி வைக்கப் போட்டது. நான் கம்பியப் புடிச்சேன், செத்துப்போன ஹைதர் சம்மட்டி அடிச்சான். பாறை மொத்தமா சரிஞ்சுரும்னு எஞ்சினியர் பயந்து நிறுத்திட்டாரு."

"ரோடு அந்தப் பக்கமே போகலையே மாமா?"

"அதத்தானடா சொல்றேன். பயந்துபோயி வேற பக்கமா கொண்டுபோனாங்க."

"பயந்தாங்களோ, கண்டுபுடிச்சாங்களோ! அந்த எஞ்சினியர் ரோட்டுக்குத்தான் வந்தார்னு உங்களுக்கு யாரு சொன்னா?"

"அடேய், நான் புடிச்ச கம்பி இன்னும் என் கொட்டில்ல கெடக்குடா!"

"கெடக்கட்டும் மாமா. கவர்மெண்டு உங்க கையில கம்பியக் குடுத்துச்சு. விசயத்தக் குடுக்கலையே."

துர்சுன் எழுந்துவிட்டார். வாயிலில் நஸீஃபேயிடம் மட்டும் தாழ்ந்த குரலில், "மருமகளே, பாறைக்கும் மலைக்கும் நடுவுல ஒரு வெடிப்பு ஓடுது பாரு, அதுக்குக் குறுக்கால வெள்ளச் சாந்து கொஞ்சம் பூசி வை. சாந்து கீறிச்சுன்னா பாறை நடக்குதுன்னு அர்த்தம். அப்புறம் ஒரு நிமிசங்கூட அவன உள்ள விடாத" என்று சொல்லிப் போனார்.

அவள் பூசினாள். பனிக்காலம் முடியுமுன் சாந்தில் தலைமயிர் போன்ற ஒரு கீறல் கண்டது. அதைப் பார்த்த அன்றே ஜெமால் கயிற்றைச் சுருட்டிக் கீழே வைத்தான்.

"அக்கா, எனக்கு ரெண்டு பொட்டப்புள்ளைக இருக்கு. மச்சானுக்கு நீயே சொல்லிக்க."

சொன்னாள். ரிஃபாத் வந்து பார்த்துவிட்டு, "எவனோ வயித்தெரிச்சல்ல கல்லால தட்டியிருக்கான்" என்றான். அதன்மேல் தனியாகவே இறங்கி, மண்ணை வாளியில் நிரப்புவான்; ஏணியில் ஏறிவந்து தானே இழுத்துக் கொட்டுவான். அவள் பொறுக்கமாட்டாமல், யாருக்கும் தெரியாமல் காவற்படைக்குத் தகவல் கொடுத்தாள். அவர்கள் வந்து குழியைப் பாதி மூடி, உலோகம் தேடும் கருவியைப் பறித்துக்கொண்டு, அவன்மேல் வழக்கும் எழுதிச் சென்றனர். அவனோ அன்றிரவு மகிழ்ச்சியோடு உண்டான். "ஒண்ணுமில்லாத எடத்துக்கு இத்தனை பேரு ஏன்டி வரணும்?" என்று அவளையே கேட்டான். ஒரு மாதத்துக்குள் மூடிய மண் மீண்டும் வெளியே வந்தது.

அவனிடம் மெய் சொல்லிப் பயனில்லை என்பதை நஸீஃபே அப்போது உணர்ந்தாள். அவன் நம்புவது ஒன்றே ஒன்று. அது பாறையில் வெட்டியிருக்க வேண்டும்.

இலையுதிர் காலத்தில் ரிஃபாத் கண் அறுவைக்காகச் சிவாஸ் நகருக்குப் போய்த் தமக்கை வீட்டில் தங்கினான். நஸீஃபே அவனுடைய உளியையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு, ஓடைக்கு அப்பால் மேய்ச்சல் வெளியில் கிடக்கும் தட்டைப் பாறைக்குப் போனாள். அவன் பல ஆண்டுகளாக ஏங்கிய குறி ஆமை என்பது அவளுக்குத் தெரியும். உஸ்தாவின் குரல் அவ்வீட்டில் ஓயாது ஒலித்தமையால், ஆமை எவ்வாறு இருக்கவேண்டும் என்பதையும் அறிவாள். அவள் கையால் அதுவரை ஒரு கோழியைக் கூட வரைந்ததில்லை. ஆயினும் வெட்டினாள். ஓடு வந்தது, கால்கள் வந்தன, குட்டையான வால் வந்தது. ஆமை பார்க்கும் திசையில்தான் பொன் என்பது ஊர்ப் பேச்சு; ஆகவே தலையை மட்டும் மிகுந்த கவனத்துடன் மேற்கே திருப்பினாள். அங்கே இருப்பது வெறும் களிமண் மேடு. கல்லில்லை, பள்ளமில்லை, ஆயுள் முழுதும் தோண்டினாலும் தலைமேல் விழ ஒன்றுமில்லை. பாசி பிடித்துப் பழையதாகத் தோன்றட்டும் என்று, வெட்டிய தழும்பின்மேல் மோரும் அடுப்புச் சாம்பலும் குழைத்துப் பூசினாள். பனி அதை மூடியது.

வேனிலில் பனி கரைந்தபோது, வெட்டுகளில் பாசி பச்சையும் மஞ்சளுமாய்ப் படர்ந்திருந்தது. கீரை பறிக்கப் போவோம் என்று கணவனை அழைத்துச் சென்றாள். தட்டைப் பாறையருகே மடியை விரித்துக் குனிந்துகொண்டாள், நிமிரவில்லை.

கை நிறையக் கீரை பறித்தாள். திரும்பினால், ரிஃபாத் மண்டியிட்டுக் கிடந்தான். அறுவை செய்த கண்ணிலும் செய்யாத கண்ணிலும் நீர் வழிந்தது.

"நஸீஃபே! வந்துட்டாண்டி. ஆமை வந்துட்டான்."

"எங்க பாக்குது?" என்று கேட்டாள்.

"மேற்கால. களிமேட்டப் பாக்குது."

அன்று மாலை அவள் பல மாதங்களுக்குப் பின் வாய்விட்டுச் சிரித்தாள். கோதுமைச் சோற்றில் வெண்ணெயை அள்ளி இட்டாள். நாளை அவன் மேட்டைத் தோண்டுவான், தோண்டட்டும், கிழவனாகும்வரை தோண்டட்டும்.

அவன் ஆமையின் படத்தை உஸ்தாவுக்கு அனுப்பியிருந்தான். உணவு முடியுமுன் மறுமொழி குரலாக வந்தது. ரிஃபாத் அதை உரக்க ஒலிக்கவிட்டான்.

"தம்பி, கண்ணுல ஒத்திக்க வேண்டிய குறி இது. ஆனா ஆமை தலை பாக்குற பக்கம் போறவன் முட்டாப்பய. பொதச்சவன் திருடனுக்கு வழிகாட்டுவானா? வால் பக்கம் போ. ஆமை எங்கருந்து வருதோ அங்கதான் முட்ட போட்டிருக்கும். அந்தப் பக்கம் உருண்டையா ஏதாச்சும் இருக்கா பாரு. குழி, ஓட்டை, எதுவானாலும்."

ரிஃபாத் மெல்லக் கரண்டியைக் கீழே வைத்தான்.

தட்டைப் பாறையிலிருந்து வாலின் நேரே ஒரு கயிற்றைப் பிடித்தால், அது ஓடையைத் தாண்டிக் கழுகுப் பாறையின் அடிவயிற்றில் போய் முட்டும். நஸீஃபே தலையை எங்கே திருப்புவது என்று எண்ணினாளேயன்றி, வால் எங்கே போகும் என்று எண்ணவில்லை.

"மூணு முட்டை," என்றான் அவன். "துர்சுன் மாமா ஓட்டை ஓட்டைன்னு சொன்னாரே, அது முட்டைடி!"

அவள் எழுந்து நின்றாள்.

"மனுசா, அத வெட்டுனது நான்."

"எத?"

"ஆமைய. நீ ஆஸ்பத்திரியில கெடந்தப்போ உன் உளிய எடுத்து நான்தான் வெட்டுனேன். மோரும் சாம்பலும் பூசுனேன். நீ அந்தப் பாறைக்கு அடியில போகக்கூடாதுன்னு வெட்டுனேன்."

அவன் அவளை அன்போடு பார்த்தான். அந்தப் பார்வையைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"ஜெமால் சொல்லிக்குடுத்தானா? பங்கு கேக்கணும்னா நேரா வந்து கேக்கச் சொல்லு."

"என் புள்ளைக மேல சத்தியமா நான்தான்!"

"ஏண்டி, உனக்கு ஒரு கோழி வரையத் தெரியுமா? அது முந்நூறு வருசத்துப் பாசிடி."

அவள் போய் உளியை எடுத்துவந்தாள். முற்றத்தில் மாடு நீர் குடிக்கும் கல்தொட்டியின் முன்னே உட்கார்ந்து, அவன் கண்ணெதிரில் அதன் பக்கவாட்டில் வெட்டத் தொடங்கினாள். ஓடு வந்தது, கால்கள் வந்தன, குட்டையான வால் வந்தது. பாறையில் கிடந்த ஆமைக்கும் இதற்கும் இம்மியளவும் வேறுபாடில்லை. உளியைக் கீழே எறிந்துவிட்டு, "இப்ப சொல்லு" என்றாள்.

ரிஃபாத்தின் முகம் வெளுத்துவிட்டது. விரலால் அந்த வாலைத் தடவிப் பார்த்தான். அவன் பேசியபோது, குரல் பள்ளிவாசலுக்குள் பேசுவதுபோல் தணிந்திருந்தது.

"உன் கையப் புடிச்சு வெட்டுனது யாரு?"

"யாரும் புடிக்கல. என் கை."

"உனக்குத் தெரியாது. பொதையலுக்குக் காவல் இருக்கறவங்க மனுசங்க கையில எறங்குவாங்கன்னு உஸ்தா சொல்லியிருக்காரு. ஆமையப் பாறையில வெட்டுனதும் நீயாவே இருக்கலாம், நான் இல்லேங்கல. ஆனா தலைய மேற்கால திருப்பணும்னு உனக்குச் சொன்னது யாரு?"

"களிமேடுதான் ஆபத்தில்லாத எடம்னு நான்தான் யோசிச்சேன்!"

"அந்த யோசனைய உனக்குக் குடுத்தது யாருடி?"

இவ்வுலகில் யாரிடம்தான் அதற்கு விடை உண்டு? அவன் அவள் கைகளைப் பற்றி முகர்ந்தான். இனி அவள்தான் கயிறு பிடிக்க வேண்டும் என்றான். புதையலுக்குக் காவல் இருப்பவர்கள் அவளைத் தேர்ந்தெடுத்துவிட்டார்களாம். அவள் மேலே நிற்கும்வரை பாறை அசையாது என்றான். அவள் மறுத்தாள். மறுநாள் அவன் தனியே போய், அவள் வந்து இழுப்பாள் என்று நம்பி ஏணியையும் மேலே விட்டுவிட்டு, இடுப்பில் கட்டிய கயிற்றோடு இறங்கிவிட்டான் என்று கேள்விப்பட்டதும், அவள் ஓடிப்போய்க் கயிற்றைப் பிடித்தாள். அவள் பிடிக்காவிட்டால் பிடிக்க யாருமில்லை.

இவ்வாறு அவள் நாள்தோறும் கழுகுப் பாறைக்குப் போகலானாள். முதல் வேலையாக வெடிப்பின் குறுக்கே புதுச் சாந்து பூசினாள். வாளி மேலே வரும், கொட்டுவாள், இறக்குவாள், சாந்தைப் பார்ப்பாள். சாந்து முழுதாக இருக்கும். கீழே, பாறையின் வயிற்றுக்குள்ளிருந்து கடப்பாரையின் ஒலி நாளுக்கு நாள் தேய்ந்துகொண்டே போயிற்று.

மழை பெய்து ஓய்ந்த ஒரு நண்பகலில், வாளியைக் கொட்டிவிட்டுத் திரும்பியவள் சாந்தைப் பார்த்தாள். முன்போல் மயிரிழைக் கீறல் அன்று. விரல் நுழையும் அளவுக்குப் பிளந்து, ஒரு பாதி தனியே தொங்கியது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெடிப்பிலிருந்து பொடிக்கல் உதிர்ந்தது.

"மனுசா! மேல வா! சாந்து பொளந்துருச்சு!"

"அவங்க பயமுறுத்துறாங்கடி! கிட்டப் போனா அப்படித்தான் செய்வாங்களாம். நல்ல சகுனம்!"

"பாறை நடக்குது! உன் கால்ல விழறேன், வா!"

"வாளிய எறக்கு!"

அவள் அவனுடைய கயிற்றைச் சுண்டி இழுத்தாள். அது தளர்ந்து வந்தது. சுரங்கத்தில் தடுக்கிறதென்று இடுப்பிலிருந்து அவிழ்த்துவிட்டிருந்தான். அப்போதுதான், அவனை மேலே கொண்டுவரக்கூடியது உலகில் ஒன்றே உண்டு என்பது அவள் நினைவுக்கு வந்தது. குழியின் விளிம்பில் குப்புறப் படுத்து, உள்ளே கத்தினாள்.

"இங்க ஒரு குறி இருக்கு! வெடிப்புக்குள்ள! இப்பத்தான் தெரியுது!"

கடப்பாரை நின்றது.

"என்ன குறி?"

"ஆமை!"

"தலை எந்தப் பக்கம்?"

அவனை மேலே அழைக்கவேண்டும் என்ற ஒரே எண்ணத்தில், அவள் மற்றொன்றையும் நினைக்கவில்லை.

"மேல! மேல பாக்குது! மேல வா!"

கீழிருந்து ஒரு சிரிப்பு எழுந்தது. பேரன் பிறந்த செய்தி கேட்டபோது அவன் சிரித்த சிரிப்பு அது.

"அப்ப வால் கீழ! இன்னும் கீழடி நஸீஃபே!"

தான் செய்ததை அவள் உணர்ந்தாள். "இல்ல! இல்ல! தப்பாச் சொல்லிட்டேன்! தலை கீழதான் பாக்குது! கீழ!"

"இப்ப பேசுறது நீ," என்றான் அவன், இரக்கத்தோடு. "முன்ன பேசுனது அவங்க."

கடப்பாரை மீண்டும் விழத் தொடங்கியது. நஸீஃபே மேலே கிடந்த ஏணியைக் குழிக்குள் இறக்கி, முதற்படியில் கால் வைத்தாள். சாந்தின் தொங்கிய பாதி பெயர்ந்து, அவள் தோளில் பட்டு, குழிக்குள் விழுந்தது.