ஊத்தினேன்

உலகத்து இன்ஜின்கள் எல்லாம் இன்று ஒரு நிமிடம் நின்று அழுகின்றன என்று விளையாட்டுக் கிளப்பின் செயலாளர் சாவு வீட்டு வாசலில் நின்று தன் இரங்கல் உரையை முணுமுணுத்துப் பழகிக்கொண்டிருந்தார். இறந்தவர் வாழ்நாளில் தொட்ட இன்ஜின்கள் மொத்தம் நான்கு. மூன்று, அவர் புல்தரை பார்த்துவந்த கிளப்பினுடையவை. நான்காவது அவருடைய சொந்தப் புல்வெட்டும் மெஷின். அதை அவர் மனைவி அந்த நேரத்தில் பின்பக்க ஷெட்டுக்குள் வேண்டுமென்றே தப்பான பக்கம் சாய்த்துக்கொண்டிருந்தாள்.

எது தப்பான பக்கம் என்று அவளுக்குத் தெரியும். பிளேடைச் சுத்தம் செய்ய மெஷினைச் சாய்த்தால் ஏர் ஃபில்டர் மேலே பார்க்கவேண்டும். கீழே பார்த்தால் இன்ஜினில் உள்ள ஆயில் அந்த ஃபில்டருக்குள் இறங்கிவிடும். அப்புறம் கயிற்றை இழுத்துக் கிளப்பினால் வெள்ளைப் புகை தெருவையே மறைக்கும். இருபத்தாறு வருடக் குடித்தனத்தில் கணவர் அவளிடம் ஆசையாகப் பேசியதைவிட இதைப் பேசியதுதான் அதிகம்.

செயலாளர் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். அதையும் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தாள்.

போன வருடம் கிளப்பின் பெரிய புல்வெட்டும் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஜாம் ஆகி நின்றது. திறந்து பார்த்தால் உள்ளே சொட்டு ஆயில் இல்லை. சர்வீஸில் பழைய ஆயிலை வடித்தவர் புதியதை ஊற்ற மறந்துவிட்டார் என்று செயலாளர் கடிதம் எழுதினார். எழுதியதோடு விடவில்லை. ஊழியர்களை வரிசையாக நிற்கவைத்துத் தானே வாசித்தார், ‘கவனக்குறைவு’ என்ற சொல்லை மட்டும் இரண்டு தடவை. வேலை போயிற்று. வீட்டுக்கு வந்த கணவர் சொன்னது ஒரே வார்த்தை.

“ஊத்தினேன்.”

அவளுக்கு அது போதும். அதற்கு முந்தின வாரம்தான் அந்த மெஷின் செயலாளர் வீட்டுப் புல்தரைக்குப் போய்வந்திருந்தது. அங்கே செயலாளர் எதைக் கழற்றினாரோ, எப்படிக் கவிழ்த்தாரோ. அன்றிலிருந்து அவரை மனதுக்குள் தினமும் சாகடித்துவந்தாள்: பால் பொங்கும்வரை ஒருமுறை, துணி காயப்போடும்போது ஒருமுறை. கடைசியில் போனது இவர்தான். ஞாயிற்றுக்கிழமை ஷெட்டிலிருந்து வந்து, சர்வீஸ் முடிந்தது என்று சொல்லிக் கைகழுவினார். செவ்வாய் காலை நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டார்.

அன்று மாலையே செயலாளர் மலர்வளையத்தோடு வந்தார். ஒரு நிமிட மௌனம் எல்லோருக்கும் செய்வதுதான், இவருக்கு உடல் எடுக்குமுன் ஒரு நிமிட இன்ஜின் சத்தம், இவருடைய மெஷினைத் தன் கையாலேயே கிளப்பப்போவதாக அறிவித்தார். அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

“அந்த லெட்டர் தப்புன்னு எல்லார் முன்னாடியும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க சார்.”

“அதையெல்லாம் நாங்க எப்பவோ மன்னிச்சுட்டோம்மா.”

மன்னித்துவிட்டார்களாம். மெஷினை அரைமணி நேரம் சாய்ந்தே கிடக்கவிட்டாள். பிறகு நிமிர்த்தி, காலி டாங்கில் பெட்ரோல் ஊற்றினாள். கொழுந்தன் எட்டிப்பார்த்து, இதை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போகலாமா என்று கேட்டான்.

“போங்க தம்பி. ஆனா கொஞ்சம் தள்ளியே நில்லுங்க. நீங்களும் வெள்ளைச் சட்டை.”

செயலாளர் கயிற்றை இழுத்தார். முதல் இழுப்பிலேயே கிளம்பியது. அவள் சைலன்சரையே பார்த்தாள். சிகரெட் அளவுக்குக்கூடப் புகை வரவில்லை. இதோ வரும், இதோ வரும் என்று நின்றாள். நிமிடம் முடிந்தது. இன்ஜினையும் தாண்டித் தன் குரல் கேட்பதில் செயலாளருக்கு ஒரு சுகம், நிறுத்தாமல் பேசினார். மூன்றாவது நிமிடத்தில், ஒரு சின்ன மறதியைக் கிளப் பெரிதுபடுத்தவில்லை என்று சொல்லும்போது, உள்ளே ஏதோ கடகடவென்று அடித்துக்கொண்டது. இரும்பு இரும்பைக் கடிக்கும் சத்தம். நின்றுவிட்டது. கயிற்றை மறுபடி இழுத்தார். அது விரல் நீளம்கூட வரவில்லை.

ஆனால் மேடைப் பழக்கம் கைவிடுமா.

“பாத்தீங்களா,” என்றார் குரல் தழுதழுக்க. “ஓனர் போனதும் இதுவும் கூடவே போயிடுச்சு.”

கூட்டம் விம்மியது. தள்ளி நின்ற கொழுந்தன்கூட மூக்கைச் சிந்தினான்.

உடலை எடுத்துக்கொண்டு எல்லோரும் போனபின் அவள் மெஷினை ஷெட்டுக்குத் தள்ளிவந்தாள். ஃபில்டரைத் திறந்தாள். புதிதாக, காய்ந்து இருந்தது. ஆயில் மூடியைத் திருகி அளவுக்குச்சியை உருவினாள். முந்தானையில் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து, மறுபடி துடைத்தாள். அவர் சொல்லித்தந்த முறை அதுதான். முந்தானையில் கறை படவில்லை.

திரும்பிவந்த கொழுந்தன் ஷெட் வாசலில் நின்றான்.

“என்ன ஆச்சு அண்ணி மெஷினுக்கு?”

“அந்தாளு கை பட்டுச்சுல்ல. அப்புறம் எப்படி ஓடும்.”

அவன் தலையாட்டிவிட்டுப் போனான். அலமாரியில் வடித்த பழைய ஆயில் ஒரு பாட்டிலில் கறுப்பாக இருந்தது. பக்கத்தில் புது ஆயில் கேன். அதன் சீல் உடைக்கப்படவே இல்லை.