ரெட்டையாள் வாள்

"அண்ணாச்சி, கதவ மொதல்ல சாத்துங்க" என்றான் கருத்தப்பாண்டி.

உடும்பஞ்சோலைக்காரன். பழைய எஸ்டேட் சாமான்களை வாங்கி விற்பவன். பட்டப்பகலில் தன் கொட்டகைக் கதவையே சாத்தச் சொல்கிறவனை மாரப்பன் ஏற இறங்கப் பார்த்தார். ஆனாலும் சாத்தினார்.

முதலமடையில் மாந்தோப்பு வைத்திருப்பவர்கள் எத்தனையோ பேர். மிஷின் வாள் சேர்க்கிறவர் மாரப்பன் ஒருவர்தான். துரைமார் விட்டுப்போன மரமறுக்கும் மிஷின்களைத் துருவோடு தூக்கிவந்து, உயிர் கொடுத்து, பட்டுப்போன மாமரங்களை அறுத்துத் தள்ளுவார். அவற்றில் ராஜா, பள்ளிவாசல் எஸ்டேட் பக்கம் கிடைத்த ரெட்டையாள் வாள். யுத்த காலத்துச் சரக்கு. இஞ்சின் பக்கம் ஒருவர், நுனியில் ஒருவர் பிடித்தால்தான் வேலை செய்யும். கருத்தப்பாண்டி எவ்வளவோ கெஞ்சியும் அதை மட்டும் அவர் கொடுக்கவில்லை.

"மேக்காட்டுல போன வாரம் ஈட்டி மரத்தச் சாய்ச்சிருக்கானுவ, கேட்டியளா? மிஷின் வாளால அறுத்தது. இந்த வட்டாரத்துல மிஷின் வாள் யாருட்ட இருக்கு? சாயங்காலம் ரேஞ்சர் இங்க வாறாரு."

"வரட்டுமுங்க. எனக்கென்ன பயம்?"

"ரெட்டையாள் வாளோட செயினப் பாத்துட்டுச் சொல்லுங்க."

மாரப்பன் குனிந்தார். செயின் மேல் நாவல்பழ நிறத்தில் தூள். கிள்ளி முகர்ந்தார். ஈட்டியேதான். எமர்ஜென்சி நேரம், உள்ளே போட்டால் ஏனென்று கேட்க நாதியில்லை. மிஷின் அத்தனையும் கேஸுக்குத் தொண்டிப் பொருளாகப் பறிமுதலாகிவிடும்.

யார் வேலை? கொட்டகையின் இன்னொரு சாவி மனைவியின் தம்பி செங்கோட்டையனிடம். நுனியைப் பிடிக்கிறவனும் அவன்தான். ஒரு வாரமாக அவன் முகம் கொடுத்தே பேசவில்லை.

"என்ன யோசிக்கிய? வெளிய லாரி நிக்கி. தூக்கிட்டு மல ஏறிருதேன். பொருளே இல்லைன்னா கேஸு எங்க இருந்து வரும்?"

மாரப்பன் தலையாட்டிவிட்டார். தூக்கிக் கொடுக்கக் குனிந்து கைப்பிடியைப் பற்றினார். அப்போதுதான் ஓட்டுச் சந்தின் வெளிச்சத்தில் செயினின் பற்கள் கண்ணில் பட்டன. எல்லாம் பின்பக்கம் பார்த்திருந்தன.

மாட்டியவரே அவர்தானே! ஆயுத பூஜைக்குக் கழுவித் துடைத்ததும், இந்த வாளுக்கு மட்டும் செயினைத் திருப்பி மாட்டிவிடுவது அவர் வழக்கம். திருட்டுத்தனமாக எடுத்துப் போகிறவனுக்குப் புகைதான் மிஞ்சும். அன்று செயின் மூடியோடு நட்டையும் சேர்த்து அப்பிய சந்தனம் காய்ந்து, ஒரு கீறல் இல்லாமல் அப்படியே இருந்தது. அதற்குப் பிறகு மூடியை யாரும் கழற்றவில்லை; கழற்றாமல் செயினைத் திருப்ப முடியாது. இந்த வாள் ஈட்டியை என்ன, வாழைத்தண்டைக்கூட அறுத்திருக்காது.

அப்படியானால் இந்தத் தூள்?

நிதானமாக நிமிர்ந்தார்.

"ஏனுங்க பாண்டி, கேக்கறதுக்கு முன்னாலயே லாரியக் கொண்டாந்துட்டீங்களா?"

"உங்க நல்லதுக்குத்தான் அண்ணாச்சி..."

"செரி. போறதுக்கு முன்னால ஓடுதான்னு பாத்துப்போடலாம். நுனியப் புடிங்க."

"இப்ப எதுக்கு?"

"புடிங்கன்னா!"

கயிற்றை இழுத்தார். கிழட்டு இஞ்சின் இருமி, அலறியது. செயின் சுழன்ற வேகத்தில் தூள் முழுவதும் நுனிப்பக்கம் பறந்து கருத்தப்பாண்டியின் வெள்ளைச் சட்டையில் அப்பிக்கொண்டது. கீழே கிடந்த மாங்கட்டையில் வைத்து அழுத்தினார். புகை வந்தது; கட்டையில் ஒரு பல்கூட இறங்கவில்லை.

இஞ்சினை அணைத்தார்.

"செயினு போன ஆயுத பூசையில இருந்து தலைகீழாக் கெடக்குது பாண்டி. ரேஞ்சர் வர்ற வரைக்கும் சட்டையத் தட்டாம நில்லு. ஈட்டித்தூள் உங்கிட்ட எப்படி வந்துச்சுன்னு அவரே கேக்கட்டும்."

கருத்தப்பாண்டி நிற்கவில்லை. கதவு படாரென்று திறந்தது. லாரி உறுமிக்கொண்டு ஓடியது.

மாரப்பன் பூட்டைக் கையிலெடுத்துப் புரட்டிப் பார்த்தார். உடைத்த தடமில்லை. அப்படியென்றால் தூளோடு உள்ளே வந்தவன் எப்படி வந்தான்?

"என்னுங்க மச்சான், சத்தம் கேட்டுச்சு?" வாசலில் செங்கோட்டையன். கண்கள் லாரி கிளப்பிய புழுதியின் மேல் இருந்தன.

மாரப்பன் கையை நீட்டினார்.

"சாவியக் குடு மாப்ள."

செங்கோட்டையன் தலையைக் குனிந்துகொண்டான். அரைஞாண் கயிற்றிலிருந்து மெதுவாக அவிழ்க்கத் தொடங்கினான்.