மாறிப்போன கவர்

கடையின் ஷட்டரை இறக்கியாயிற்று, அப்பா மாடியேறிப் படுத்தாயிற்று, மணியும் பத்தே முக்கால் ஆயிற்று. அப்போதுதான் மறுநாள் தேர்வுக்கான ஜெராக்ஸ் தாள்களைக் கீழே மருந்துக்கடையிலேயே விட்டுவிட்டது அவளுக்கு நினைவு வந்தது. உள்படி வழியாக இறங்கி விளக்கைப் போட்டாள். தாள்கள் கவுண்டரில்தான் கிடந்தன. எடுத்தபோது அடியில் ஒரு காகிதக் கவர்.

பிரித்துப் பார்த்தாள். உள்ளே பாதி பாதியாக உடைத்த மாத்திரைகள். மேலே அப்பாவின் கையெழுத்தில், ‘தலைசுற்றல். காலை அரை, இரவு அரை.’

யாரோ கேட்டுவிட்டு வாங்காமல் போயிருக்கிறார்கள். அவ்வளவுதானே என்று மனதைத் தேற்றிக்கொண்டு விளக்கை அணைக்கப் போனவள் அப்படியே நின்றாள். இதே இடத்தில் வேறொரு கவர் அல்லவா இருந்தது? பேக்கரிக்காரர் நாளைக் காலையில் வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்த சர்க்கரை மாத்திரை. ‘இரவு இரண்டு’ என்று அப்பா எழுதியதை அவளே பார்த்தாள். அந்தக் கவரைக் காணோம்.

இழுப்பறை, அலமாரி, தரை, குப்பைக்கூடை, எல்லாவற்றையும் கிளறிவிட்டாள். இல்லை.

அவளுக்குப் பதினாறு வயது. எட்டு மாதமாகப் பள்ளி விட்டதும் நேராகக் கவுண்டருக்கு வந்து உட்கார்ந்துவிடுவாள். படிப்பதற்காக என்றுதான் ஊருக்கெல்லாம் பேச்சு. அப்பாவின் கை தப்பான பெட்டிக்குப் போனால் பேனாவால் இரண்டு தட்டு. அப்பா காதைச் சொறிந்துகொண்டு பக்கத்துப் பெட்டியை எடுப்பார். எதற்குத் தட்டுகிறாய் என்று அவர் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. "உம் பொண்ணுக்கு என்னய்யா பேனாவோட தாளம்?" என்று வாடிக்கையாளர் ஒருவர் கேட்டதற்கு, "பாஸாகணும்னு பயம், வேற என்ன" என்று அப்பாவே சிரித்தும் வைத்தார்.

இன்றைக்குப் பன்னிரண்டு நிமிடம் அவள் இல்லை. ஜெராக்ஸ் எடுக்கப் போனாள். திரும்பி வந்ததும் முதல் கேள்வியே, "யாராவது வந்தாங்களாப்பா?" என்பதுதான். "ஒரு ஈ காக்கா வரல" என்றார் அப்பா. அவள் நம்பினாள்.

மாடிக்கு ஓடினாள். தையல் கம்பெனியில் காலை ஷிப்டுக்குப் போக வேண்டிய அம்மா, ஐந்து மணிக்கு அலாரம் வைத்துவிட்டு அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். தோளைத் தொட்டதும் விழித்தாள்.

"என்னடி, மூஞ்சியெல்லாம் வேர்த்துக் கெடக்கு?"

"அம்மா, வெளிய வா. அப்பா எழுந்துக்கக் கூடாது."

சமையலறையில் விளக்குப் போடாமலே நின்றார்கள். கவர் மாறியதில் தொடங்கி, பேனாத் தட்டு வரைக்கும் பின்னோக்கிப் போய் எல்லாவற்றையும் கொட்டினாள். அம்மா திட்டுவாள், அறைவாள் என்று எதிர்பார்த்தாள். அம்மா ஒன்றுமே செய்யாமல் தண்ணீர்க் குடத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றதுதான் அவளுக்குப் பெரிய பயமாக இருந்தது.

"எட்டு மாசமா?" என்றாள் அம்மா. "ஆறு மாசம்தான்னு நெனச்சிட்டிருந்தேன்."

"உனக்குத் தெரியுமா?"

"வீட்டுக்குள்ள தெரியாம எப்படிடி இருக்கும்? பல் தேய்ச்சேனான்னு அவரே என்கிட்ட கேக்கறார்."

"தெரிஞ்சும் கடையில உக்கார விட்டியா?"

"கூட நீ இருக்கியேன்னுதான்." அம்மாவின் குரல் இறங்கியது. "நீ தட்டறத நானும் பாத்திருக்கேன்."

அந்த ஒரு வார்த்தையில் அவளுக்கு அழுகை முட்டியது. அழ நேரமில்லை. சர்க்கரை நோயே இல்லாத ஒருவர் அந்த இரண்டு மாத்திரையைப் போட்டுக்கொண்டால் என்ன ஆகும் என்பதை அப்பாவே அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். முதலில் நடுங்கும், அப்புறம் வேர்க்கும், அப்புறம் பேச்சு குழறும். அதற்கப்புறம் தனியாக இருந்தால் அவ்வளவுதான்.

அப்பாவை எழுப்பினார்கள்.

"சாயங்காலம் யாருங்க வந்தா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க" என்றாள் அம்மா.

"எத்தன தடவ சொல்றது? யாரும் வரல! நடு ராத்திரியில எழுப்பி என்ன விசாரண? நான் என்ன திருடனா?"

"இல்லப்பா, இந்தக் கவர்..."

"யாரும் வரலன்னா வரல. போய்த் தூங்கு பாப்பா."

அவர் போர்வையை இழுத்தார். இன்னொரு தடவை கேட்டால் கத்துவார், கத்தினால் இருப்பதும் மறந்துபோகும். அது அவளுக்கு அத்துப்படி. கேட்பதை விட்டுவிட்டாள். கவரை அவர் உள்ளங்கையில் கவிழ்த்தாள்.

"அப்பா, இத யாருக்குக் குடுத்தனுப்பணும்? ஆள் வெளிய நிக்குது."

அப்பா எழுந்து உட்கார்ந்தார். பாதி மாத்திரைகளின் வெட்டு விளிம்பைக் கட்டைவிரலால் தடவினார்.

"போஸ்ட்மேனுக்கு. வேற யாருக்கு நான் ஒடைச்சுக் குடுக்கறேன்? முழுசா போட்டா தொண்ட அடைக்கும், துப்பிருவார். ஏன், மனுஷன் இன்னும் வாங்கிட்டுப் போகலையா?"

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஓய்வுபெற்ற போஸ்ட்மேன் இரண்டு தெரு தள்ளி, ஒரு வீட்டின் பின்கட்டில் தனியாக இருந்தார். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள், மகன் வேறு ஊர். போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மூவரும் ஓடினார்கள். அப்பா பனியனோடு, செருப்புகூட மாட்டாமல், எதற்கு ஓடுகிறோம் என்று இரண்டு முறை கேட்டுக்கொண்டே வந்தார்.

கதவு உள்ளே தாழிட்டிருந்தது. பக்கத்து ஜன்னலுக்குள் கைவிட்டு அப்பா தாழைத் தூக்கினார். போஸ்ட்மேன் கட்டிலுக்குக் கீழே சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. கண் திறந்திருந்தது, பார்வை எங்கோ இருந்தது.

அப்பா அவர் கழுத்தில் கைவைத்தார். அந்த நொடியில் அவர் முகமே மாறிவிட்டது.

"சக்கர எறங்கிருக்கு. பாப்பா, தண்ணியில சக்கர கரைச்சு எடுத்துட்டு வா, கெட்டியா. நீ தலையத் தூக்கிப் புடி. ஸ்பூன் ஸ்பூனாத்தான், அவசரப்படாத, பொரையேறிடும். முழிச்சிருக்கறப்பவே உள்ள போகணும்."

குரலில் தடுமாற்றமே இல்லை. ஏழெட்டு ஸ்பூன் இறங்கியதும் போஸ்ட்மேனின் பார்வை திரும்பி வந்து அப்பா மேல் நின்றது.

"டாக்டரே," என்றார். அப்பாவை அவர் எப்போதும் அப்படித்தான் கூப்பிடுவார். "புது மாத்திர... பொடிசா இருந்துச்சு. ஒடைக்கவே வேணாம் போலிருக்கேன்னு..."

"பேசாதீங்கண்ணே. ஆம்புலன்ஸக் கூப்பிடும்மா. இது இப்ப ஏறும், திரும்ப எறங்கும். ராத்திரி பூரா விடாது."

அவள் அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். எல்லாம் தெரிந்த அப்பா. இவரைப் பற்றி யாரிடம் என்ன சொல்வது? அம்மாவுக்கும் அதே நினைப்புதான் போலும். ஆம்புலன்ஸில் ஏறும்போது காதோரமாக, "இப்போதைக்கு நீ வாயத் தொறக்காத" என்றாள்.

அவசரப் பிரிவில் இளம் டாக்டர் ஒருவர் போஸ்ட்மேனின் கையில் குளுக்கோஸை ஏற்றிவிட்டு, அட்டையில் செருகிய தாளோடு வந்தார்.

"நல்ல நேரத்துல கொண்டு வந்தீங்க. ஆனா இவருக்கு சுகரே இல்லைங்கறீங்க. அந்த மாத்திர எப்படி உள்ள போச்சு?"

அப்பா கொஞ்சமும் யோசிக்கவில்லை. "வயசானவர் சார். தனியா இருக்கார். யாரோடதையாவது எடுத்துப் போட்டிருப்பார். மறதிதான்."

அவர் பொய் சொல்லவில்லை. அவரைப் பொறுத்தவரை இன்றைக்குக் கடைக்கு யாரும் வரவில்லை.

டாக்டர் தலையாட்டிக்கொண்டே எழுதினார். "மறதி இருக்குன்னா தனியா விடக் கூடாதே. பையன் நம்பர் இருக்கா? எங்கயாவது முதியோர் இல்லத்துல சேக்கச் சொல்லணும்."

கட்டிலில் இருந்து போஸ்ட்மேன் கேட்டார். "எனக்கா மறதி?" அப்பாவின் முகத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "இருக்கும். டாக்டரே சொல்றார்னா இருக்கும்."

அம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். பேனா தாளில் ஓடிக்கொண்டிருந்தது.

"அத எழுதாதீங்க!" என்றாள். குரல் கீச்சென்று வந்தது. வராந்தாவில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "அவருக்கு மறதி இல்ல. மாத்திக் குடுத்தது எங்க கட. எங்கப்பாதான். அவருக்குத்தான் எட்டு மாசமா... எல்லாம் மறந்து மறந்து போகுது."

அம்மாவின் பிடி தளர்ந்தது. டாக்டர் பேனாவை நிறுத்தினார். அப்பா அவளைப் பார்த்தார். அடித்தால்கூடத் தாங்கியிருப்பாள், அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை.

"பாப்பா, என்ன பேசற? நானா மாத்திக் குடுத்தேன்?"

"ஆமாம்பா."

"நீ பாத்தியா?"

"இன்னிக்கு நான் இல்ல. மத்த நாள் பாத்திருக்கேன். தட்டுவேன்ல."

அப்பா பக்கத்து பெஞ்சில் மெதுவாக உட்கார்ந்தார். வலது கை தன்னால் காதுக்குப் போய், பாதியில் நின்றது. அவர் ஏதோ கணக்குப் போடுவது போலிருந்தது. சட்டென்று அவர் உதடு வெளுத்தது.

"நீ சாயங்காலம்தான வருவ?"

"ஆமா."

"அப்போ காலையில?"

காலையில் அவள் பள்ளியில் இருப்பாள், அம்மா கம்பெனியில் இருப்பாள். கவுண்டரில் அவர் மட்டும்தான்.

"காலையில யாருக்கு என்ன குடுத்தேன்?" என்றார் அப்பா. இந்தக் கேள்வியை அவர் அவளிடம் கேட்கவில்லை, அம்மாவிடமும் இல்லை. டாக்டரைப் பார்த்துக் கைகூப்பினார். "சார், ஒரு தாள் குடுங்க. எங்கிட்ட வாடிக்கையா வாங்கறவங்க பேரெல்லாம் இன்னும் ஞாபகம் இருக்கு. இப்பவே ஒவ்வொருத்தருக்கா போன் பண்ணணும். கையில இருக்கற மாத்திரையப் போடாதீங்கன்னு சொல்லணும்."

டாக்டர் அட்டையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை உருவினார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு கைப்பையில் போனைத் தேடினாள்.

"நீ எழுது பாப்பா," என்றார் அப்பா. "நான் எழுதினா சரிப்படாது."

அவள் தரையில் உட்கார்ந்து தாளை முழங்காலில் வைத்துக்கொண்டாள். அப்பா கண்ணை மூடிக்கொண்டு, தெருமுனை வீட்டிலிருந்து ஒவ்வொரு பெயராகச் சொல்லத் தொடங்கினார்.