ஆறாவது வீட்டு அறிக்கை

விளம்பரம் என்றாலே எனக்கு ஆகாது. ஒரு செய்தி வாசிக்கப் போனால் நாலு பக்கமும் துள்ளிக்கொண்டு வந்து, இருக்கிற கொஞ்ச இணைப்பையும் விழுங்கிவிடும். அதனால் 2009 தொடக்கத்தில் சிநேகிதர்கள் ஆறு பேரின் வீடுகளில் ஒரு வேலை செய்து கொடுத்தேன். சுனாமிக்குப் பிறகு வந்த வெளிநாட்டு நிறுவனங்கள் விட்டுப்போன பழைய கொம்பியூட்டர்கள் என் திருத்தும் கடையில் குவிந்துகிடந்தன. வீட்டுக்கு ஒன்று வைத்தேன். அந்த வீட்டில் யார் எந்தத் தளத்தைத் திறந்தாலும் முதலில் அந்தப் பெட்டியைத்தான் கேட்கவேண்டும். விளம்பரத் தளமென்றால் அது வழிவிடாது.

ஏறாவூருக்கும் கல்லடிக்கும் சோதனைச்சாவடி தாண்டித் தாண்டி ஓட எனக்கு விசரா? ஒவ்வொரு பெட்டியும் தினமும் ஓர் அறிக்கையைக் கடைக்கு அனுப்பும்படி செய்தேன். அந்த வீட்டில் திறந்த தளங்களின் பெயரெல்லாம் அதில் வரும். பழுதென்றால் இருந்த இடத்திலேயே தெரியும். என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

ஆறாவது வீடு கல்லடியில், என் சீட்டாட்டக் கூட்டாளி வினாயகமூர்த்தி அண்ணனுடையது. அவருடைய மகள் பிரஷாந்தி போர் நடந்த வன்னியில் அகப்பட்டிருந்தாள். அவர் மனைவி அன்னப்பூரணி அக்கா அரசாங்கம் தடைசெய்த தளங்களைச் சுற்றுவழியால் திறந்து, அங்கே வரும் படங்களில் மகளைத் தேடுகிறார் என்று அறிக்கையைப் பார்த்து ஊகித்தேன். அப்படிப் பார்த்ததற்காகவே ஆட்கள் காணாமல்போன காலம் அது. நான் யாரிடமும் மூச்சுவிடவில்லை.

மே மாதம் ஒருவர் கடைக்கு வந்தார். அயன் கலையாத சேர்ட், தணிந்த குரல்.

"விளம்பரம் வராமச் செஞ்சு குடுக்கிறீங்களாம். எங்கட ஒபிசுக்கும் வேணும்."

எந்த ஒபிஸ் என்று அவர் சொல்லவில்லை. புகழ்ந்தால் எனக்கு வாய் நிற்காது. யார் யார் வீடு, அறிக்கை எப்படி வருகிறது, எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் ஒரு கடதாசித் துண்டில் எழுதிக்கொண்டார்.

"நாளைக்கு வாறன். அந்த அறிக்கையளைக் காட்டுங்க."

அவர் போன பிறகுதான் அது எந்த ஒபிஸாக இருக்கும் என்று உறைத்தது. அண்ணன் வீட்டு அறிக்கைகளை ஒன்றுவிடாமல் அழித்தேன். போனில் சொல்லப் பயம், யார் கேட்கிறார்களோ. நேரே போய்ப் பெட்டியைக் கழற்றிவிடலாம் என்று கிளம்பினேன். கல்லடிப் பாலத்தில் சோதனை வரிசை நீண்டு கிடந்தது. நாளைக்குப் பார்க்கலாம் என்று திரும்பிவிட்டேன்.

மறுநாள் கடை திறக்கும்போதே அவர் வாசலில் நின்றார். ஒவ்வொன்றாகப் பார்த்தார். சிநேகிதன் ஹலீம் வீட்டில் கிரிக்கெட், இன்னொரு வீட்டில் சினிமா. பிறகு துண்டை எடுத்தார்.

"ஆறு வீடு சொன்னீங்க. அஞ்சுதான் இரிக்கு. வினாயகமூர்த்தியர்ட எங்க?"

"அந்தப் பெட்டி பழுது."

"எப்ப இருந்து?"

"மூணு மாசம் இரிக்கும்."

"மத்த அஞ்சையும் நல்லாப் பார்க்கிறீங்க. கூட்டாளிட வீட்டை மட்டும் மூணு மாசமாத் திருத்தல்ல." கதிரையைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தார். "வாங்க, இப்பவே போய்த் திருத்துவம்."

ஒன்றையும் தொடாமல் விட்டிருந்தால் அந்தக் குப்பைக்குள் அது அவர் கண்ணில் படாமலே போயிருக்கலாம். நான் ஒரே ஒரு வீட்டை மறைத்து, அந்த வீட்டையே விரல் நீட்டிக் காட்டியிருந்தேன். அழித்ததெல்லாம் என்னிடம் வந்த பிரதிதான். மூலம் அண்ணன் வீட்டுப் பெட்டிக்குள் அப்படியே இருந்தது.

வாசலில் நின்ற அவருடைய வான் வண்டியில் என்னை முன்னால் உட்காரச் சொன்னார். பாலத்தில் எங்களை யாரும் மறிக்கவில்லை. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அண்ணனை நினைத்ததைவிட என்னைத்தான் அதிகம் நினைத்தேன்.

அந்த நாட்களில் தெரியாத ஆள் வந்தால் அண்ணன் வீட்டில் கேற் திறப்பதில்லை. அன்னப்பூரணி அக்கா யன்னல் சீலையை விலக்கிப் பார்த்தார். என் முகத்தைக் கண்டதும் சாவியோடு ஓடி வந்தார்.

"கொலின் தம்பியா? வானைக் கண்டு பயந்திட்டன். வாங்க, உள்ளுக்கு வாங்க," என்று எனக்குப் பின்னால் நின்றவருக்கும் சேர்த்துத் திறந்துவிட்டார்.