இரண்டரைக் கிராம் தூக்கல்

எடைக்கல் கடைக்காரர் பிடிக்காத கள்ளம் கிடையாது. உள்ளே குடைந்த கல், தட்டுக்கு அடியில் அப்பிய மெழுகு, எல்லாம் பார்த்த கண். அதே கண்ணால்தான் மகள் கொடுத்த ஆர்டரிலும் ஒரு பிசகைக் கண்டுபிடித்து, கேட்காமலே திருத்தியும்விட்டார்.

மகளுக்கு அறிவியல் காட்சிக்கூடத்தில் வேலை. அணுவுக்குள் இருப்பவற்றின் எடையைத் தராசில் வைத்துக் காட்ட ஓர் அறை அமைத்திருந்தாள். எலெக்ட்ரான் ஒரு கிராம் பித்தளை வில்லை என்றால், புரோட்டான் ஆயிரத்து எண்ணூற்று முப்பத்தாறு கிராம் இரும்புக் குண்டு. நியூட்ரான் அதைவிட இரண்டரைக் கிராம் கூட. பதினோரு மணிக்கு இயக்குநர் வருகிறார். அவருக்குப் பிடிக்காவிட்டால் அறை, டைனோசார் காட்சி வைக்கக் காத்திருப்பவர்களுக்குப் போய்விடும்.

பத்தரைக்குத் தட்டுக்கு ஒரு குண்டாக வைத்துப் பார்த்தாள். தராசு முள் நடுவில் நட்ட மரம்போல நின்றது.

“அப்பா! நியூட்ரான் இறங்கணுமே?”

“எப்படிம்மா இறங்கும்? அச்சு ஒண்ணு, இரும்பு ஒண்ணு, எடை மட்டும் ரெண்டா? நீ கை தவறி எழுதிட்டேன்னு, எடை சரி பண்ண அடிக்குழியில அடைக்கிற ஈயத்தைச் சுரண்டிச் சமமாக்கிட்டேன். என் கடையிலேருந்து கோணல் கல்லு வெளிய போயிருக்கா?”

மகள் தலையில் கை வைத்தாள். “அந்தக் கோணல்தாம்பா விஷயமே! எடை கூட இருக்கறதாலதான், தனியா விட்டா நியூட்ரான் கால் மணி நேரத்துல உடைஞ்சு புரோட்டானாயிடும். நீங்க பண்ணின மாதிரி ரெண்டும் சமமா இருந்தா, புரோட்டான் எலெக்ட்ரானை முழுங்கி நியூட்ரானாயிடும். ஹைட்ரஜன் நிக்காது. தண்ணி இல்ல, நீங்க இல்ல, உங்க கடையும் இல்ல.”

நேர்மையாக இருக்கப்போய் உலகத்தையே கவிழ்த்திருக்கிறோம் என்று அவருக்கு வியர்த்தது. நல்லவேளை, சுரண்டியதைத் தூக்கிப் போடுகிற பழக்கம் அவர் பரம்பரையில் இல்லை. சட்டைப்பையில் காகித மடிப்பு. அறையில் பலகை அடித்துக்கொண்டிருந்த தச்சரிடம் சுத்தியல் வாங்கி, ஈயத்தைக் குழியில் வைத்து அடிக்க ஆரம்பித்தார்.

“ஏம்மா, உடையறப்ப வெளிய வர்ற எலெக்ட்ரான் ஒரு கிராம்தானே? மீதி ஒன்றரை?”

“வேகமா மாறிப் பறந்துடும்பா. கூடவே நியூட்ரினோன்னு ஒண்ணு போகும், அதுக்கு எடை இருக்கிறதே தெரியாது.”

“எடை வேகமாயிடுமா!” சுத்தியல் நின்றது. “மூட்டை குறைஞ்சதுக்கு இவ்வளவு அழகான சாக்கு எந்த வியாபாரியும் என்கிட்ட சொன்னதில்ல. சரி, எப்படி மாறும்?”

“முதல்ல அடிங்கப்பா!”

கடைசி அடி விழும்போது இயக்குநர் உள்ளே வந்தார். குண்டுகள் தட்டுகளில் ஏறின. நியூட்ரான் பக்கம் இறங்கியது.

“தராசு கோளாறா?” என்றார் இயக்குநர்.

“தட்டு மாத்தி வெச்சுப் பாருங்க ஐயா. பொய்த் தராசுன்னா அங்கேயே மாட்டிக்கும்.”

மாற்றி வைத்தார். மறுபடியும் நியூட்ரான்தான் இறங்கியது. புரோட்டான் பக்கம் இரண்டு வில்லை போட்டார், போதவில்லை. மூன்று போட்டார், மிஞ்சியது. ஒன்றை எடுத்தார், போட்டார், எடுத்தார்.

“இந்த அரை எங்கே போச்சு?”

“அரை மட்டுமில்ல ஐயா, ஒன்றரை எங்க போகுதுன்னு நானும் இவளைக் குடைஞ்சுக்கிட்டிருக்கேன். உக்காருங்க, சேர்ந்தே கேப்போம்.”

இயக்குநர் முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். அளவு நாடாவும் கையுமாக வாசலில் நின்ற டைனோசார்காரரை யாரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை.