ஏழு உரப்பை அம்மன்

பிரேதப் பெட்டி வாசலுக்கு வந்துவிட்டது. உள்ளே வைக்க இடமில்லை. யசோதரா முன்னறையிலிருந்து ஐந்தாவது உரப்பையை முற்றத்துக்கு இழுத்துக்கொண்டிருந்தாள்.

"உதுக்குள்ள என்ன பிள்ளை, பழைய கடுதாசியே? பின்னால கொண்டுபோய்க் கொளுத்திவிடுறன்" என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

"கொளுத்தாதேங்கோ மாமா. எல்லாம் சாமி."

அவர் ஒரு பையைப் பிரித்துப் பார்த்தார். உண்மைதான். கற்பூரப் பக்கற்றுகள், ஒவ்வொன்றிலும் ஓர் அம்மன். கழுவித் துடைத்து, முகம் கசங்காமல் அடுக்கியிருந்தது. பையை மெல்ல மூடிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

யசோதராவின் அம்மா தங்கேஸ்வரி திருகோணமலைத் துறைமுகப் பக்கம் இருபது வருடம் தெருக் கூட்டியவள். நேற்றுக் காலை மீன் சந்தைக்கு முன்னால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குந்தியவள் எழும்பவில்லை. ஒரு கையில் விளக்குமாறு இருந்தது. மற்றக் கையில் வடிகானுக்குள்ளிருந்து எடுத்த ஒரு கற்பூரப் பக்கற்.

அதிலிருந்த அம்மன் படத்தைச் செய்தவள் யசோதரா. இராசதுரையின் கற்பூரக் கம்பனியில் கணினிக்கு முன்னால் இருப்பவள் அவள்தான். முன்பு பக்கற்றில் ஒரு குத்துவிளக்குத்தான் இருந்தது, வருடக்கணக்காக அதே விளக்கு. பிறகு, சொன்னதைக் கீறித் தரும் ஏஐ வந்தது. சிரிக்கும் அம்மன், பின்னால் கடல், பொன் வெளிச்சம் என்று தட்டிவிட்டால், தேத்தண்ணி ஆற முதல் நாலு அம்மன் வந்துவிடும். கிழமைக்கொரு புதுப் படம் போட்டார்கள். சனம் படத்தைப் பார்த்து வாங்கியது. கற்பூரத்தை எடுத்துக்கொண்டு பக்கற்றை வீதியில் போட்டது.

சாமி முகத்தில் விளக்குமாறு படுவதா? தங்கேஸ்வரி ஒவ்வொன்றாகக் குனிந்து எடுத்தாள்.

"நீ கீறி விடுறாய், நான் பொறுக்கிறன். நல்ல தாயும் பிள்ளையும்" என்பாள், குனிந்து குனிந்து நொந்த நாரியைப் பிடித்துக்கொண்டு.

"அது சாமியில்லை அம்மா, மெஷின் கீறினது. வடிவாப் பாருங்கோ, கையில ஆறு விரல்."

"என்ர தங்கச்சிக்கும் ஆறு விரல்தான். அவள் ஆளில்லையோ?"

முதலாளியிட்டச் சொல்லி அந்த முகத்தை எடுப்பிச்சுவிடு என்று அம்மா கேட்டிருந்தாள். மகளிடம் அவள் கேட்டது அது ஒன்றுதான். நாளைக்குச் சொல்லுறன், நாளைக்குச் சொல்லுறன் என்றே யசோதரா ஒரு வருடத்தை ஓட்டிவிட்டாள். வேலை போய்விடும் என்ற பயம். இப்போது நினைக்கத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

பெட்டியை உள்ளே வைத்த பிறகு இராசதுரை வந்தார். கெட்ட மனிதரில்லை, வெறுங்கையோடும் வரவில்லை. கம்பனிக் கற்பூரத்தை மட்டைப்பெட்டி நிறையக் கொண்டுவந்து தலைமாட்டில் வைத்தார். கிரியை தொடங்கியதும் ஆளுக்கொரு பக்கற்றைக் கிழித்தார்கள். வெறும் பக்கற்றுகள் நிலத்தில் விழுந்தன. போன கிழமை யசோதரா செய்த அம்மன், நீலச் சேலை, சிரித்த முகம். அந்த முகத்தில் ஒருவர் கால் வைத்தார். பிறகு இன்னொருவர்.

யசோதரா அழுவதை நிறுத்தினாள்.

"நிப்பாட்டுங்கோ."

குருக்கள் நிமிர்ந்து பார்த்தார்.

"இந்தக் கற்பூரம் வேண்டாம் ஐயா" என்றாள் இராசதுரையிடம். "அம்மாட தலைமாட்டில இதைப் போட்டு உழக்க விடமாட்டன்."

இராசதுரைக்கு முகம் கறுத்துவிட்டது. "செத்த வீட்டில என்ன கதை பிள்ளை இது? பிறகு பொறுக்கலாம்தானே."

சுவரோரம் தங்கேஸ்வரியோடு தெருக் கூட்டும் பெண்கள் நின்றார்கள். அவர்களில் பஸ்மியா, கிண்ணியாவிலிருந்து வேலைக்கு வருபவள், தங்கேஸ்வரியின் சோடி. அறபு எழுத்துள்ள கடுதாசியைக் கண்டால் தங்கேஸ்வரி எடுத்து அவளிடம் கொடுப்பாள். அம்மன் பக்கற்றைக் கண்டால் அவள் எடுத்துத் தங்கேஸ்வரியிடம் கொடுப்பாள். அதிர்ந்து பேசத் தெரியாத மனுசி.

"மொதலாளி" என்றாள் பஸ்மியா. "எல்லா நாளும் தங்கேஸ் பொறுக்கினா. இண்டைக்கு ஆரு பொறுக்குற?"

எல்லாரும் நிலத்தைப் பார்த்தார்கள். கால்கள் ஒவ்வொன்றாகப் பின்வாங்கின.

இராசதுரை வேட்டியை மடித்துக்கொண்டு குந்தினார். கனத்த உடம்பு, ஒரு கையை நிலத்தில் ஊன்றித்தான் குந்த முடிந்தது. கதிரைகளுக்கு அடியிலும் கைவிட்டு எடுத்தார். வேர்த்துக் கொட்டியது. பாதியில் நாரியைப் பிடித்துக்கொண்டார். யசோதரா உதவப் போகவில்லை. உதவ வந்தவர்களையும் பார்வையால் நிறுத்தினாள். பெட்டிக்குள் கிடந்த முகத்தைப் பார்த்தாள். வென்டிட்டீங்கள் அம்மா என்று கத்தவேண்டும்போல் இருந்தது.

"வெளியில ஏழு உரப்பை கிடக்கு ஐயா. அதையும் கொண்டுபோங்கோ" என்றாள்.

கொண்டுபோனார். எறியவும் ஏலாது, எரிக்கவும் ஏலாது, அவரும் கும்பிடுகிறவர்தானே. ஏழு பைகளும் அவருடைய மேசையைச் சுற்றிக் குடியேறின. எட்டாம் நாள் எட்டுச் செலவு முடிந்து யசோதரா வேலைக்குப் போனபோது, கால் நீட்ட இடமில்லாமல் இருந்தபடி சொன்னார்:

"படத்தை எடுத்துவிடு பிள்ளை. ஒரு சாமியும் வேண்டாம், எழுத்து மட்டும் இருந்தாக் காணும்."

அன்று ஏஐயிடம் கேட்க ஒன்றும் இருக்கவில்லை. மஞ்சள் நிறம், சிவப்பில் 'கற்பூரம்'. பத்து நிமிட வேலை. இத்தனை நாளில் தான் செய்த உருப்படியான வேலை இதுதான் என்று அவளுக்குப் பட்டது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி கழிந்த சில நாளில், காலை பஸ் மீன் சந்தைக்கு முன்னால் நின்றது. யசோதரா யன்னலால் எட்டிப் பார்த்தாள். பஸ்மியா தனியாகக் கூட்டிக்கொண்டு வந்தாள். மீன் செதில், கச்சான் கடலைக் கோது, நடுவில் ஒரு மஞ்சள் பக்கற். அதற்குக் கிட்ட வந்ததும் விளக்குமாறு ஒரு கணம் நின்றது. பஸ்மியா பக்கற்றைப் பார்த்தாள். பிறகு குனியாமலே, செதிலோடும் கோதோடும் சேர்த்து ஒரே இழுவையாக இழுத்துக் கூட்டினாள்.