ஓடுகிற கார்டுக்குப் பொட்டு

கனகா சந்தனத்தில் விரலைத் தோய்த்து முதல் கார்டின் முதுகில் வைத்தாள். வைத்த வேகத்தில் வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள். அடுப்பிலிருக்கும் தோசைக்கல்லைத் தெரியாமல் தொட்டுவிட்டாற்போல் இருந்தது.

மைசூர் அக்ரஹாரத்தில் ஒரு பாத்திரக்கடையின் மாடி அது. இரும்புச் சட்டங்களில் வரிசையாக கிராபிக்ஸ் கார்டுகள் நின்றன. ஒவ்வொன்றும் செங்கல் கனம், ஒவ்வொன்றிலும் மூன்று விசிறி. பெங்களூரில் கார்ட்டூன் படம் எடுக்கிறவர்கள் அனுப்பும் காட்சிகளுக்கு இவைதான் வண்ணமும் வெளிச்சமும் தீட்டிக் கொடுக்கும். தூசியை ஊதுவதும், கார்டைக் கழற்றி உள்ளே சூடு கடத்தும் மெத்தைத் துண்டுகளை மாற்றுவதும், ஏசி சொட்டும் வாளியைக் கவிழ்த்துவிட்டு வருவதும் கனகாவின் வேலை. கோபிநத்தம் கிராமத்திலிருந்து வந்து ஊதுபத்தி உருட்டிக்கொண்டிருந்தவளுக்கு இது தலைநிமிர்ந்து செய்கிற வேலை. இதை நம்பித்தான் மகள் மீனாவை இந்த வருஷம் மைசூர்ப் பள்ளியில் சேர்த்திருந்தாள். இது போனால் இரண்டு பேரும் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

"ஏனுங்க சார், சித்த நேரம் நிறுத்திப்போட்டு வெக்கலாமுங்களா? ஆயுத பூஜைங்க. எங்கூர்ல இன்னைக்கு மம்பட்டியக்கூடத் தொட மாட்டாங்க."

"நாளைக்குக் காலம்பர ஆர்டர் போகணும் கனகா. நிறுத்தினா தொலைஞ்சோம்" என்றார் மாதவ். அறையும் கார்டுகளும் அவருடையவை. கம்ப்யூட்டர் முன்னால் இருந்த சுஹாஸ் பக்கம் திரும்பினார். "மெமரிய இன்னும் ஸ்வல்ப ஏத்துப்பா."

கார்டுக்குள் நகக்கண் அகலத்தில் மெமரித் துண்டுகள் உண்டு. அவற்றின் வேகத்தை ஏற்றினால் வேலை சீக்கிரம் முடியும். சூடும் கூடவே ஏறும்.

"சார், ஏற்கெனவே ஜாஸ்தி வச்சிருக்கோம். மெமரி நூறு டிகிரி தாண்டிடுச்சு."

"ஏசிய பதினாறுல வை."

"பதினாறுலதான் இருக்கு."

"அப்போ பதினஞ்சுல வை."

"ரிமோட்டுல அந்த நம்பரே இல்ல சார்."

"பேச்சுக்கொண்ணும் குறைச்சல் இல்ல. ஏத்து."

சுஹாஸ் ஏற்றினான். விசிறிகளின் இரைச்சல் ஒரு கட்டை உயர்ந்தது.

மாதவின் மனைவி ராஜலக்ஷ்மி குங்குமத் தட்டோடு நிலைப்படியைத் தாண்டாமல் நின்றாள். "நீயே வச்சுடு கனகா. எனக்குக் கரண்ட்டுன்னா பயம். ஒண்ணையும் விட்டுடாதே, எல்லாத்துக்கும் வை."

"சுடுதுங்கம்மா."

"தொட்டும் தொடாம வை, சுடாது."

கனகா ஊதி ஊதி விரலை ஆற்றிக்கொண்டு அத்தனைக்கும் சந்தனம் வைத்தாள். அதன்மேல் மிளகளவு குங்குமம். கற்பூரம் காட்டினபோது புகை மேலே போகாமல் நேரே விசிறிகளுக்குள் போயிற்று.

"கார்டுக்குத் தும்மல் வரப்போகுது கனகக்கா" என்றான் சுஹாஸ். மாதவ்கூடச் சிரித்தார்.

விடிந்து அவள் வந்தபோது கடைசி வரிசையில் மூன்று கார்டுகளின் விசிறிகள் நின்றிருந்தன. முடிந்திருக்க வேண்டிய காட்சிகள் திரையில் பச்சையும் ஊதாவுமாகக் கட்டம் கட்டமாகச் சிதறிக் கிடந்தன. சுஹாஸ் ஒரு கார்டைக் கழற்றி வைத்திருந்தான். மெத்தைத் துண்டுகள் எண்ணெய் கக்கிச் சுருங்கியிருந்தன. அடியில் ஒரு மெமரியின் ஓரம் பழுப்பேறியிருந்தது. குங்குமம் வெளித்தகட்டில் வைத்தது வைத்தபடி இருந்தது.

"மெமரி கருகிடுச்சு சார்" என்றான்.

பெங்களூரிலிருந்து மாதவுக்குப் போன் வந்துவிட்டது. முதலில் இங்கிலீஷ், பிறகு கன்னடம். கன்னடம் கனகாவுக்கு நன்றாகவே தெரியும். வேலை செய்கிற பெண் பண்டிகையும் அதுவுமாக ஓடுகிற மெஷினில் குங்குமத்தைக் கொட்டிவிட்டாள், என்ன செய்வது, இன்றைக்கே அவளை அனுப்பிவிடுகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

போனை வைக்கும்வரை கனகா காத்திருந்தாள்.

"சார், அம்மா வெக்கச் சொன்னாங்க, வெச்சேனுங்க. கொட்டலைங்க."

"எனக்குத் தெரியாதாம்மா? வேகத்தை ஏத்தி எரிச்சுட்டேன்னு சொன்னா இனி ஒரு படம் இந்த மாடி ஏறாது. குங்குமம்னா, பூஜைல ஏதோ ஆயிடுத்துன்னு விட்டுடுவா."

"அதான் விட்டுட்டாங்களே, அப்பறம் நான் ஏனுங்க போகோணும்? புள்ளைய இங்க சேத்திருக்கேனுங்க."

"அந்தப் பொண்ணை என்ன பண்ணினேன்னு அவா கேப்பா இல்லியா? கோவிச்சுக்காதே. வேற எங்கயாவது சொல்லிப் பாக்கறேன்."

படியில் பாதி ஏறி வந்த ராஜலக்ஷ்மி, பேச்சு காதில் விழுந்ததும் நின்றாள். பிறகு சத்தமில்லாமல் இறங்கிப் போனாள்.

கனகா சுஹாஸைப் பார்த்தாள். "நீதானப்பா கழட்டுன. உள்ள குங்குமம் இருந்துச்சா?"

சுஹாஸ் வாயைத் திறந்தான்.

"நேத்து மெமரிய ஏத்தினது யார் கை சுஹாஸ்?" என்றார் மாதவ், வெகு சாந்தமாக.

சுஹாஸ் கையிலிருந்த திருகாணியைத் தட்டில் போட்டான். "கவனிக்கல அக்கா" என்றான் தட்டைப் பார்த்துக்கொண்டே.

"போறதுக்கு முன்னாடி மத்ததையெல்லாம் துடைச்சுக் குடுத்துடு" என்றார் மாதவ். "சுத்தமா இருக்குன்னு அவாளுக்குப் போட்டோ அனுப்பணும்."

"நிறுத்தீட்டுத் துடைக்கட்டுங்களா?"

"நிறுத்தறதா? அந்த மூணு கார்டு வேலையையும் இதுகள்தானே பாக்கணும்."

சுஹாஸ் விசைப்பலகைப் பக்கம் திரும்பினான். இரைச்சல் இன்னும் ஒரு கட்டை ஏறிற்று.

கனகா பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து முதல் பொட்டின்மேல் வைத்தாள். தேய்ப்பதற்குள் ஸ்பிரிட் காய்ந்து, வெறும் பஞ்சு தகட்டோடு இழுபட்டது. மறுபடி நனைத்தாள், மறுபடி காய்ந்தது. மாதவ் போனை உயர்த்திப் பிடித்து அவள் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார்.

"கையை எடு கனகா" என்றார். "படத்துல விழறது."